கீழ் லயத்து ஆள் கணக்கு

வெளிநாட்டில் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்று சொன்னால், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். இருட்டில் மின்னுகிறதா என்று ஒரு சந்தேகம். அணு உலையை நான் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். அதிலிருந்து நல்ல தூரம் தள்ளி அவசரகால நிலையம் என்று ஒரு கட்டடம் இருந்தது. அதைத் துப்புரவாகவும் தயாராகவும் வைத்திருப்பதுதான் என் வேலை.

ஒன்றுமே நடக்காத கட்டடம் அது. காலியான நாற்காலிகளைத் துடைப்பேன். டோர்ச்சுகளுக்குப் பேட்டரி மாற்றுவேன். யாரும் குடிக்காத தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துவிட்டுப் புதிது வைப்பேன். என்றைக்காவது விபத்து நடந்தால் அந்த நிமிஷமே ஆள் வந்து உட்கார வேண்டும். அதற்காக நாற்காலிகளின் முதுகில் வண்ண வண்ண அங்கிகள் தொங்கும். அங்கியில் ஆளின் பெயர் இருக்காது, பொறுப்பு மட்டும் இருக்கும். தலைமை, கதிர்வீச்சு அளவு, வெளியே செய்தி, ஆள் கணக்கு. ஒரு நாற்காலிக்கு மூன்று பேர் முறை வைத்துக் காத்திருப்பார்கள். முதலில் வருகிறவர் அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உலையை ஓட்டுகிறவர்கள் உலையை மட்டும் பார்ப்பார்கள். யோசனை சொல்ல இஞ்சினியர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் முதலுதவிக்காரரும், அனுப்புகிற வரை காத்திருக்க ஒரு கூடம். அரசாங்கத்துக்கும் பத்திரிகைக்காரருக்கும் பதில் சொல்லத்தான் நான் துடைத்த கட்டடம். அதுவும் கெட்டுப்போனால் இன்னும் தள்ளி மாற்று இடம் ஒன்று. அவ்வளவு பயந்த மனிதர்களை நான் பார்த்ததில்லை. பயத்தை அவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்தவர்களையும் பார்த்ததில்லை.

ஒத்திகை அடிக்கடி நடக்கும். அப்போது ஒவ்வொரு செய்தியையும் 'இது ஒத்திகை' என்று தொடங்கி 'இது ஒத்திகை' என்றே முடிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முதலாமவர் 'சரி' என்ற பிறகுதான் வேலை நகரும். எனக்குப் பிடித்தது ஆள் கணக்கு. சங்கு ஊதியதும் எல்லோரும் குறித்த இடத்தில் கூடி அடையாள அட்டையைத் தேய்க்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் அவரைக் கண்டுபிடிக்கிற வரை கணக்கு மூடாது.

திருப்பிச் சொல்கிற விதியை அவர்கள் கற்றுக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நடக்கிற காரியம். நான் வட்டவளைப் பக்கத்து ஆள். பெண் எடுத்தது ஹட்டனுக்கு மேலே இந்தத் தோட்டத்தில். என் மாமியார் பழைய முறைக்காரர், மருமகனோடு நேரே பேசமாட்டார், மருமகன் பெயரையும் சொல்லமாட்டார். நான் முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். "சோறு வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். "சோறு வேணுமான்னு கேக்குறாங்க" என்பாள் என் மனைவி. "போதும்னு சொல்லு" என்பேன் நான். "போதுமாம்." கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். இஞ்சினியர்கள்கூட எங்களிடம் வந்து படித்திருக்கலாம்.

நான் ஊர் திரும்பியபோது மாமியார் நடமாட்டம் குறைந்துபோயிருந்தார். கொழுந்து பறிக்கிற மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு போனது. காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டின் வாசல் வரை ஊன்றுகோலோடு வருவார், அதற்கு மேல் முடியாது. எங்கள் வீடு மேல் லயத்தில், மேலே இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. அவர் கீழ் லயத்தில் தன் காம்பராவை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அந்தக் கீழ் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில்தான் ஒரு மழைக்காலத்தில் வெடிப்பு விழுந்தது. டவுனிலிருந்து மண்சரிவு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவோடு சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். மழை அளக்க ஒரு போத்தலில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். தண்ணீர் கோட்டைத் தொட்டால் எல்லோரும் மேலே பாடசாலைக்கு ஏறிவிட வேண்டும் என்றார்.

கண்டாக்கையா நேரே என்னிடம் வந்தார். "நீ அணுகுண்டு பக்கத்துலயே இருந்தவன். இந்த மண்மேட்ட நீயே பாத்துக்க."

"அது குண்டு இல்லங்க ஐயா, கரண்டு எடுக்குற இடம்."

"எதுவா இருந்தா என்ன, வெடிக்காமப் பாத்துக்கிட்டியல்ல?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பராவை அவசரகால நிலையமாக்கினேன். அது நனைந்தால் கோயில் மண்டபம் மாற்று இடம். உரச் சாக்கைக் கிழித்து அங்கிகள் தைத்து, முன்பக்கம் பொறுப்பை எழுதி, தொட்டில்களுக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டினேன். முதுகுப் பக்கம் 'யூரியா' என்று அச்சடித்திருந்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை. சங்கு ஊத ஆள், பாதையில் கயிறு கட்ட ஆள், கதவு தட்ட ஆள், ஒவ்வொன்றுக்கும் மாற்றாள். நடக்க முடியாதவர்களைத் தூக்க நாலு பேர். நடக்க முடியாதவர் என்று தோட்டத்தில் இருந்தது என் மாமியார் ஒருவர்தான்.

அவர் மாட்டேன் என்றுவிட்டார். "நாலு பேரு சேந்து என்னையத் தூக்குறது ஒரே ஒரு தடவதான், அதுக்கு இன்னும் நாளு இருக்குன்னு சொல்லு" என்றார் மகளிடம். இனிமேல் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

"ஆறு பேரா போட்டுட்டாப் போச்சுன்னு சொல்லு" என்றேன்.

"ஆறு பேரு தூக்குனா நான் அம்புட்டுக் கனமான்னு ஊரு சிரிக்கும்னு சொல்லு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேடு சரிந்தால் முதலில் மூடுவது அவருடைய காம்பராவைத்தான். அது அவருக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். மழை பெய்கிற நாளெல்லாம் இவள் கதவோரத்தில் நின்று கீழ் லயத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் துணி காயவைக்கப் பார்க்கிறேன் என்பாள். கொட்டுகிற மழையில் என்ன துணி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஒத்திகை வைத்தோம். சங்கு ஊதியது. சனம் பாடசாலை மைதானத்துக்கு ஏறி வந்தது. குழந்தைகளுக்கு ஏக குஷி. கண்டாக்கையா பெயர் கூப்பிட்டார். ஒருவர் விடாமல் எல்லோரும் ஆஜர். அணுமின் நிலையத்தில்கூட நான் இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை என்று பூரித்துப்போனேன். பிறகுதான் ஒரு சந்தேகம் தட்டியது. ஆஜர் சொன்னவர்களில் ஒருவன் கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிறான். இன்னொருவர் கல்யாணத்துக்கு வலப்பனை போனவர், இன்னும் திரும்பவில்லை.

விஷயம் இதுதான். தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நின்றால்தான் அன்றைக்குப் பேர் விழும், பேர் விழுந்தால்தான் சம்பளம். பிந்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம். கண்டாக்கு பெயர் கூப்பிட்டால் அது பெரட்டுத்தான், வேறு என்னவாக இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பேர் விழுந்தால் விழட்டுமே என்று, வராத புருஷனுக்குப் பெண்சாதியும் வராத தங்கைக்கு அக்காவும் குரல் கொடுத்துவிட்டார்கள். இதில் உச்சம், கீழ் லயத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த என் மாமியாரும் ஆஜர். குரல் கொடுத்தது என் மனைவி.

"ஒனக்கு அறிவிருக்கா? மேடு விழுந்திருந்தா ஒங்கம்மாவத் தேடவே மாட்டாங்க!" என்று கத்தினேன்.

"பேரு கூப்புட்டா வாய் தானா வருதுங்க. நான் என்ன செய்ய?" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நானும் கத்தவில்லை.

அன்று சாயங்காலம் கீழ் லயத்துக்குப் போனோம். நடந்ததைக் கேட்டு மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒவ்வொரு வீடாகப் பிடித்து விளாசத் தொடங்கினார். "அந்த வீட்ல மூணு பேரு ஆஜராமா? ரெண்டு பேருதான் இருக்காங்கன்னு சொல்லு. கடைசிக் காம்பராவுல மக புள்ளையோட வந்திருக்கா, அவளக் கூப்புட்டாங்களான்னு கேளு." அவளை யாரும் கூப்பிடவில்லை. எந்நேரமும் வாசலில் உட்கார்ந்திருப்பவர் அவர். யார் ஏறினார், யார் இறங்கினார் என்பதெல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் முன்னால் பொய் ஆஜர் சொல்ல இந்தத் தோட்டத்தில் எவருக்கும் துணிச்சல் கிடையாது.

எனக்கு அந்த வண்ண அங்கிகள் ஞாபகம் வந்தன. "ஆள் கணக்கு நாற்காலி காலியா இருக்குன்னு சொல்லு" என்றேன் மனைவியிடம். "அந்த நாற்காலியில இருக்கிறவங்க மொத ஆளா மேல வந்துறணும்னு சொல்லு. அவங்க வராம கணக்குத் தொடங்காது. கணக்கு முடியாம யாரும் கலைய முடியாது. கண்டாக்கையாவே காத்துக்கிட்டு நிக்கணும்."

மனைவி வாயைத் திறக்கும் முன்பே மாமியாரின் முகம் மாறியது. கண்டாக்கையா காத்து நிற்பார் என்ற இடத்தில் அது நன்றாகவே மாறியது. கொஞ்ச நேரம் ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். "படுக்க வச்சுத் தூக்குனாத்தான் பொணம். உக்கார வச்சுத் தூக்குனா அது சாமி" என்றார் கடைசியில், பொதுவாகச் சுவரைப் பார்த்து. "அந்தச் சாக்குச் சட்டைய நல்லா அலசித் தரச் சொல்லு."

இரண்டாவது ஒத்திகையில் அவர் நாற்காலியில் ஏறி வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மூங்கில் கட்டிய பிரம்பு நாற்காலி. சேலைக்கு மேல் 'ஆள் கணக்கு'. முதுகில் 'யூரியா'. தூக்கியவர்களை வழி நெடுக வைதுகொண்டே வந்தார். மைதானத்தில் பெயர் எதுவும் கூப்பிடவில்லை. வீடு வீடாக நிற்கச் சொல்லி, தலையைப் பார்த்துக் கை நீட்டினார். இல்லாதவன் இல்லாதவனாகவே இருந்தான். அதன் பிறகு 'இது ஒத்திகை' என்பது தோட்டம் முழுக்கப் பரவி, ரசத்தில் உப்புக் கூடினாலும் என் மனைவி அதைத்தான் சொன்னாள்.

மழை மூன்று நாள் விடாமல் கொட்டிய ஒரு பிற்பகலில் போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மேட்டுக்குக் கீழே ஊற்று கலங்கிச் செம்மண்ணாக வந்தது. சங்கு ஊதினோம். மாமியார் முதல் ஆளாக மேலே போனார். எல்லோருக்கும் பின்னால் போவது நான்தான். கதவு கதவாகத் தட்டி, ஆளில்லாத காம்பராவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். கடைசிக் கதவுக்குக் கோடு போட்டுவிட்டுத் திரும்பினால் பாதையின் குறுக்கே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. தேயிலைக்குள் புகுந்து, மலையைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். கால் முழுக்க அட்டைக் கடி.

மேலே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். டவுனிலிருந்து அதிகாரி போனில் கேட்டுக்கொண்டிருந்தார். கண்டாக்கையா, "எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிறவா?" என்று அவசரப்பட்டார். "சொல்லாதீங்க ஐயா. ஒரு ஆளு குறையுது" என்றாராம் மாமியார். யார் என்று கேட்டார் கண்டாக்கையா. என் பெயரைச் சொல்லவும் முடியாது, கணக்கை மூடவும் முடியாது. "எங்க வீட்டு ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம். பாதி ஊற்றிய டீயோடு என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் சொட்டச் சொட்டப் பாடசாலை மண்டப வாசலில் வந்து நின்றேன்.

"மாப்புள! எங்கங்க போயிட்டீங்க? ஒத்த ஆளுக்காக எத்தன பேரு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறது?"

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பழக்கதோஷத்தில் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொல்ல ஒன்றுமில்லை. செய்தி நேராகவே வந்து சேர்ந்துவிட்டது. "வந்துட்டேன் அத்தை" என்றேன்.

டீக் கோப்பை கைக்கு வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மேடு மொத்தமாக இறங்கி, கீழ் லயத்தின் கோடியில் மூன்று காம்பராக்களை மூடிவிட்டது. நடுவில் இருந்தது மாமியாருடையது. சனம் அலறியது, சிலர் பார்க்க வெளியே ஓடினார்கள். மாமியார் ஊன்றுகோலால் மேசையில் ஓங்கித் தட்டினார். "மாப்புள, எல்லாரையும் உள்ள கூப்புடுங்க. இன்னொருக்கா எண்ணணும்."

கூப்பிட்டேன். வீடு வீடாக நின்றார்கள். அவர் ஒரு தலையையும் விடவில்லை, கடைசிக் காம்பராவுக்கு வந்திருந்தவளின் கைக்குழந்தை வரை எண்ணினார். கடைசியாக என்னைச் சுட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கோம் மாப்புள. இது ஒத்திகையில்ல."

கேட்டதை அப்படியே முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. 'எல்லாரும் இருக்கோம்' வரைக்கும்தான் எனக்குக் குரல் வந்தது. மீதியை, வழக்கம்போல, என் மனைவிதான் சொன்னாள்.