பீரோவுக்குள் என் பத்தாம் வகுப்பு

தனியார் இன்ஜினியரிங் காலேஜில் லெக்சரராகச் சேர்ந்தால், சாக்பீஸ் கைக்கு வருவதற்கு முன்பே ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கையை விட்டுப் போய்விடும். இதைப் படிக்கிற என் லெக்சரர் இனத்தார் இப்போதே பல்லைக் கடிப்பீர்கள். நன்றாகக் கடியுங்கள்.

பத்திரம்

ஆம்பூர் ரோட்டில் அப்போதுதான் ஆரம்பித்திருந்த காலேஜ். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.இ. டிகிரி வரை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள். நாங்கள் ஓடிவிடக் கூடாதாம். அதை நேராகச் சொல்லித் தொலைத்தாலும் பரவாயில்லை. கிளார்க் சொன்னது வேறு: "வீட்ல வெச்சா எலி கடிக்கும் மேடம். இங்க சேஃபா இருக்கும்."

குடியாத்தம் பஸ்

அமெரிக்காவில் மேல்படிப்புக்காக ஜி.ஆர்.ஈ. பரீட்சை எழுத முடிவு செய்தேன். காலேஜில் புத்தகத்தைத் திறந்தால் போட்டுக்கொடுக்க ஆள் இருந்தது. அதனால் தினமும் பஸ்ஸில்தான் படிப்பு. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் இங்கிலீஷ் வார்த்தைகள் எழுதிய துண்டுச்சீட்டு, ஓயாத முணுமுணுப்பு. லுங்கி மூட்டையோடு வருகிற ஓர் அம்மா ஒருநாள் ரொம்ப இரக்கமாகக் கேட்டார்: "இன்னாம்மா, நானும் ஆறு மாசமா பாக்கறேன், இன்னுமா நீ பாஸாவல?"

ஒரே ஒரு நாள்

பரீட்சை ஹாலுக்குள் விட பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதியைக் காட்ட பத்தாம் வகுப்பு ஒரிஜினல் வேண்டும். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றேன். நான் எழுதி, நான் பாஸாகி வாங்கிய மார்க் ஷீட்டுக்கு நானே கை கட்டி நின்றேன். மூன்று வாரம் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றே இழுத்தடித்தார். நாலாவது வாரம் குரலை உயர்த்தினேன். ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க மேடம்."

ஜாமீன்

கேட்டால் என்ன? அவரவர் பொருளை அவரவர் கேட்பது திருட்டா? கடைசியில் ஆபீஸே ஒரு வழி சொன்னது. மறுநாள் நான் மார்க் ஷீட்டைத் திருப்பித் தராவிட்டால், தன் சர்டிபிகேட்டுகளைக் காலேஜே வைத்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு லெக்சரர் எழுதித் தர வேண்டுமாம். யாரிடம் போய் இதைக் கேட்பது?

கெமிஸ்ட்ரி எஸ்தர் அக்காவுக்கு நடு வருஷத்தில் வேலூரில் ஒரு நல்ல ஸ்கூலில் வேலை கிடைத்து, ஒரிஜினல் காட்ட முடியாததால் கைநழுவிப் போயிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் அவரே வந்து பேனாவைத் திறந்தார். "என்னுது எப்படியும் வெளிய வராது. உன்னுதாவது ஒரு தபா வெளிய போய்ட்டு வரட்டும்."

அந்தக் கடிதம்

மார்க் ஷீட்டை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்த் திருப்பிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் வந்தது, பரீட்சை எழுதினேன், அமெரிக்காவில் சீட்டும் கிடைத்தது. காலேஜ் விதிப்படி கல்வியாண்டு முடியும்வரை வேலை பார்த்துவிட்டு, என் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். பிறகு எஸ்தர் அக்கா எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கேட்டேன். நான் சொன்னபடி நடந்தாயிற்று, அதற்கு இனி அங்கே என்ன வேலை? கிளார்க் ஃபைலை மூடிக் கயிற்றைக் கட்டினார். "அது இருக்கட்டும் மேடம். நாளைக்கு அவங்களும் உங்கள மாதிரியே கெளம்பிட்டா?"

மூவாயிரம் இங்கிலீஷ் வார்த்தைகளை உருப்போட்டும், அந்த ஆபீஸைத் திட்டுகிற அளவுக்குக் காரமான வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை.