செங்கோட்டைக்குப் போன பகல்

லண்டனில், டூட்டிங் கடைத்தெருவில் இறைச்சி சுடும் கரிப்புகை முகத்தில் அடித்ததும், பழைய டெல்லியில் ஜும்மா மசூதிக்குப் பின்னால், லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனுக்காக ஊரைவிட்டு வந்த நாங்கள் நால்வரும் காத்துக் கிடந்த, இதே புகை மணக்கும் லொட்ஜ் அறை நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டடத்தை இப்போது இடித்துவிட்டார்களாம்.

அடைந்து கிடந்து நான் அழுததால், அப்பா ஒருநாள், அம்மாவையும் அண்ணனையும் அறையில் விட்டுவிட்டு, என்னைச் செங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். வெயிலில் சுட்ட சிவப்புக் கல்லைத் தடவியபடி, மண்டபத் தூண்களுக்கிடையே குறுகுறுத்த புறாக்களை நான் பார்த்துக்கொண்டிருக்க, பல நாட்களாகத் தூங்காத அப்பா நிழலில் சாய்ந்து அயர்ந்துபோனார்.

திரும்பியபோது அறையில் அண்ணன் இல்லை.

"ஏஜென்சிக்காரன் வந்து, ஒராளுக்குத்தான் இடமெண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போட்டான். நான் தனிய என்ன செய்ய ஏலும்?" என்று அம்மா அழுதார்.

அப்பா சந்துக்குள் ஓடினார். பாஷை தெரியாமல், அண்ணனின் உயரத்தைக் கையால் காட்டிக் காட்டி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டார்.

அந்த ஏஜென்சிக்காரன் திரும்பி வரவேயில்லை. பிறகு வேறொருவன் மூலமாக நாங்கள் மூவரும் லண்டன் வந்து சேர்ந்தோம். அண்ணன் எங்கேயென்று இன்றுவரை தெரியாது.