கோகிலவாணி சரிபார்த்த கணக்கு

செய்தி வந்தபோது நான் கல்லூரியின் மின்னணுவியல் கூடத்தில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். தேர்வு நேரத்தில் தொலைபேசியை எடுக்கும் வழக்கம் எனக்கில்லை. சிவாவின் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். சிவா, கோகிலவாணியின் தம்பி. “அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே,” என்றார். பிறகு, ஏதோ என்னிடம் வாதாடுவதுபோல, “காலையில நல்லாத்தான் பேசினாங்க லா,” என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு மாணவி கையை உயர்த்திக் கூடுதல் தாள் கேட்டாள். அதை எடுத்துக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

சுடலையில் என் பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர், “டீச்சர் வேலைதானே பார்த்தாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. கோகிலாவை அறிந்தவர்கள் ஈப்போவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிலிம் ரிவருக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அவர். அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால்மரம் சீவியவர்கள். தோட்டத்து முதலாளிகள் அந்த மரங்களை அழித்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் அழித்து நிலத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் குடும்பம் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. அந்தத் தோட்டத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் கோகிலாவுக்குக் கோபம் வரும். “அங்க என்ன இருந்துச்சுன்னு ஏங்குறீங்க? கொசுவும் கடனும்தான் இருந்துச்சு,” என்பார். இயற்பியல் படித்தார். உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போய் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே வேலையும் கிடைத்திருந்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததால் மலேசியாவுக்குத் திரும்பி வந்தார். அப்பா போன பின் அம்மாவின் சிறுநீரகம் பழுதானது. அப்படியே இங்கே தங்கிவிட்டார். எங்கள் தனியார் கல்லூரியில், பொறியியல் டிப்ளோமா மாணவர்களுக்கு முதலாண்டு இயற்பியல் நடத்தினார்.

அவருடைய ஆய்வு என்னவென்று ஒருநாள் கேண்டீனில் கேட்டேன். தே தாரேக் ஆறிப்போகும்வரை சொன்னார். இரண்டு புரோட்டான்களை மோதவிட்டால் அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் மோதிக்கொள்கின்றன. அந்த மோதலில் என்ன நடக்கும் என்று கணக்கிடுபவர்கள் ஒரு தொடராக எழுதுகிறார்கள். முதல் உறுப்பு பெரியது, அடுத்தது சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது. சில உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டால் போதும். ஆனால், உண்டாகும் துகள் பக்கவாட்டில் அதிகம் நகராத மோதல்களில் இது பலிப்பதில்லை. ஆற்றல் குறைந்த குளுவான்கள் கணக்கில்லாமல் வெளியேறுகின்றன. ஒவ்வொரு உறுப்பிலும் பெரிய மடக்கைகள் வந்து ஒட்டிக்கொள்வதால், சிறியதாக வேண்டிய உறுப்பு சிறியதாவதில்லை. “எங்க நிறுத்தினாலும் தப்புண்ணே,” என்றார். “ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டே போனா கஷ்டம், சூசா லா. முடிவில்லாத அந்த வரிசையில இருக்கிற மடக்கை எல்லாத்தையும் சேர்த்து ஒரே வடிவத்துக்குள்ள கொண்டு வரணும்.” அதைத்தான் மறுகூட்டல் என்கிறார்கள். அவர் வாழ்க்கை முழுவதும் அதுதான்.

அவர் வைத்திருந்த கணக்கு ஹிக்ஸ் துகளைப் பற்றியது. அதுவரை பிறர் போயிருந்த துல்லியத்துக்கு ஒரு படி மேலே போக முயன்றது. ஜெர்மனியில் அவருடன் படித்த நண்பர் ஒருவர் கணினி நிரலைப் பார்த்துக்கொண்டார். கோட்பாட்டுப் பகுதி கோகிலாவுடையது. இதில் ஒரு சோதனை உண்டு. மறுகூட்டலில் கிடைத்த விடையை மீண்டும் தொடராகப் பிரித்து, நேரடியாகப் போட்ட கணக்கோடு ஒப்பிட வேண்டும். பக்கவாட்டு உந்தம் குறையக் குறைய இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பூஜ்யத்துக்குப் போக வேண்டும். அவருக்குப் போகவில்லை. திரையில் அந்தக் கோடு கீழே வந்து, கடைசி நேரத்தில் விலகி மேலே ஏறியது.

அந்தக் கோடு அவரை வருடக்கணக்கில் வதைத்தது. ஆய்வுக்கென்று வாரத்தில் ஒதுக்கியிருந்த மதிய நேரத்தையும் கல்லூரி எடுத்துக்கொண்டது. முதல்வர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதுனால நம்ம ஸ்டூடண்ட்ஸுக்கு என்ன லாபம்?” கோகிலா எழுந்துகொண்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “ஒரு லாபமும் இல்லண்ணே. பொய் சொல்லத் தெரியல, வந்துட்டேன்.” அதன் பிறகு டயாலிசிஸ் மையத்தில் அம்மாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கணக்குப் போட்டார். அந்த அம்மாவும் போனார். அடுத்த ஆண்டே கோகிலாவுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்றார்கள். பரவிவிட்டது என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

பிழையை அவர் கண்டுபிடித்தது மருத்துவமனையில். இரண்டாம் சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு அழைத்தார். குரல் உடைந்திருந்ததால் பயந்துவிட்டேன். “ரெண்டு தடவை எண்ணியிருக்கேண்ணே!” என்றார். புரோட்டான் கற்றையின் திசையிலேயே போகும் ஆற்றல் குறைந்த, மெல்லிய குளுவானை, கற்றையின் கணக்கிலும் சேர்த்திருக்கிறார். மெல்லிய குளுவான்களின் கணக்கிலும் சேர்த்திருக்கிறார். ஒன்றைக் கழித்ததும் கோடு பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று நான் போனபோது முடியில்லாத தலையுடன், மடிக்கணினியை என் பக்கம் திருப்பிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கட்டுரை எழுதத் தொடங்கிச் சில வாரங்களிலேயே வேறொரு நாட்டுக் குழு அதே கணக்கை வெளியிட்டுவிட்டது. அதே துகள், அதே துல்லியம். எங்கள் கோகிலாவை அவர்களுக்குத் தெரியாது. யாரும் எதையும் திருடவில்லை. அவர்கள் எட்டுப் பேர், இங்கே கோட்பாட்டுக்குக் கோகிலா ஒருவர். அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையை அவர் வரிவரியாகச் சரிபார்த்தார். உட்கார முடியாதபோது படுத்துக்கொண்டே பார்த்தார். ஒரு சமன்பாட்டில் ஓர் உறுப்பு விடுபட்டிருந்தது. பக்கவாட்டு உந்தம் மிகச் சிறிதாகும் இடம்வரை அவர்கள் சோதித்துப் பார்க்காததால் அது வெளியே தெரியவில்லை. ஜெர்மன் நண்பர் துள்ளிக் குதித்தார். தவற்றைத் திருத்தி நம் பெயரில் கட்டுரையாக்குவோம், நான்கைந்து மாதம் போதும் என்றார். “நாலஞ்சு மாசம் எங்கிட்ட இல்லையே,” என்றார் கோகிலா. அந்தக் குழுவுக்கே மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார்.

நான் தடுத்தேன். “இத்தனை வருச உழைப்பும்மா. எதுக்குச் சும்மா தூக்கிக் குடுக்குறீங்க? உங்க நண்பரு தனியா முடிக்கட்டும். உங்க பேராவது இருக்கும்ல?”

“அது தப்பா இருக்குண்ணே. அதை நம்பி இன்னும் நாலு பேரு கணக்குப் போடுவாங்க,” என்றார். மூச்சு வாங்கியது. “பேருக்காக அந்தத் தப்பை அப்படியே விட்டு வைக்கணுமா? முடியல எனக்கு.” அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினார். அதற்குப் பிறகு அவர் அதைத் திறந்ததாக எனக்குத் தெரியாது.

பதில் வந்தது, எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு. சிவா அதை என்னிடம் கொண்டுவந்தார். திருத்திய கட்டுரையையும் இணைத்திருந்தார்கள். “இதுல அக்கா பேரு எங்கண்ணே?” என்று கேட்டார். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பத்தியில், பல பெயர்களுக்கு நடுவே இருந்ததை விரலால் காட்டினேன். அடுத்த படியை எங்களோடு சேர்ந்து செய்ய விருப்பமா, ஒரு மாதம் இங்கே வந்து தங்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். “என்ன எழுதுறதுண்ணே?” என்றார் சிவா. நான்தான் எழுதினேன். இரண்டு வரி எழுதுவதற்குள் மதியம் போய்விட்டது.

சடங்குக்கு வந்தவர்கள், அமைதியாகப் போய்ச் சேர்ந்தார், புண்ணியம் செய்தவர் என்றார்கள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவரைப் பார்த்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நீங்க செய்ய வேண்டியதை செஞ்சுட்டீங்கம்மா,” என்றேன். கண்ணைத் திறந்து என்னை முறைத்தார். “என்னண்ணே செஞ்சுட்டேன்? இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு. எனக்கு நேரம் வேணும்ணே.” என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. “நேரம் வேணும்,” என்று இன்னொரு முறை சொன்னார். என்னிடம் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, அவர் அமைதியாகப் போனார் என்று யாரும் சொல்ல வேண்டாம். கோகிலவாணி போக மனமில்லாமல் போனார். அந்த மனமில்லாமையைத்தான் நான் வைத்திருக்கிறேன். அதை ஆறுதலாக மாற்றிக்கொள்ள என்னால் இன்றுவரை முடியவில்லை.