சுமை தூக்கியவர்கள் சொன்ன பெயர்

காலை 7.20. பீன்யா தொழிற்பேட்டையில் மெட்ரோ படியிறங்கியதும் சூடான இரும்பில் எண்ணெய் தீயும் வாடை. அப்பாவின் சட்டை இப்படித்தான் நாறும். லேத் பட்டறையில் வாரமெல்லாம் நின்றுவிட்டு ஞாயிறுகளைத் தூங்கியே கழித்தவர். அந்தத் தூக்கம் எனக்கு வாய்க்கவில்லை; அலையும் கால்தான் வாய்த்தது. ஐம்பதைத் தாண்டிய பின் அதுவும் வலிக்கிறது.

பையில் பழைய நில அளவை வரைபடத்தின் நகல். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்தது. குணிகல் சாலையை ஒட்டிய ஒரு குன்றின் உச்சியில் நான்கு சின்னக் கட்டங்கள். பக்கத்தில் ‘பழைய கல்வீடுகள்’ என்று சாய்ந்த ஆங்கில எழுத்து. இறந்தவர்களுக்காகப் பலகைக்கல் நிறுத்தி எழுப்பியவை. குன்றின் மேற்கு அடிவாரத்தில்தான், வரைபடத்தோடு என்னை வரச்சொன்ன சரோஜாவின் வீடு. பீன்யாவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறாள். குவாரி வெடியில் அவள் வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. உச்சியில் புராதனச் சின்னம் இருப்பதற்குப் பழைய ஆதாரம் காட்டினால் குவாரியை நிறுத்தலாமாம். அவள் ஊர்க்காரர்கள் எழுதிய மனுவோடு அதைச் சேர்க்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

9.45. பஸ்ஸுக்கு நாற்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ இருநூறு.

“பெட்டா மேல என்ன சார் இருக்கு? ரீல்ஸ் எடுக்கவா?” என்றார் ஓட்டுநர். கன்னடத்தில் குன்றுக்குப் பெட்டா என்று பெயர்.

“செத்தவங்க வீடு.”

“வாடகை கம்மியா இருக்கும்.”

11.30. அடிவாரத்தில் காத்திருந்த சரோஜா முன்னால், நான் பின்னால். மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறை. கையும் காலுமாகத் தொற்றி ஏறினோம். நான்கு கல்வீடுகளில் இரண்டு நின்றன. அருகே பாறையில் ஒரு வட்டமும் நடுவில் புள்ளியும்: அளவைக் கருவியை நிறுத்திய குறி.

“இருக்கு பாருங்கண்ணா! மேப்புல பேரப் படிங்க. தொட்டிலு பெட்டாதானே?”

“ஆமெ பெட்டான்னு போட்டிருக்கு.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உச்சிப் பாறை மேற்கிலிருந்து பார்த்தால் தொட்டில், கிழக்கிலிருந்து பார்த்தால் ஆமை. ஆமெ பெட்டா கிழக்கூர்க்காரர்கள் சொல்லும் பெயர். சரோஜாவின் ஆட்கள் மனுவில் தொட்டிலு பெட்டா என்று எழுதியதோடு நிற்கவில்லை. ஏரித்தண்ணீர்ச் சண்டையின் கோபத்தில், ‘கிழக்கூருக்கு இக்குன்றில் எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

“வெள்ளைக்காரன் எங்களைக் கேக்கவே இல்லியா?”

கிழக்குச் சரிவைக் காட்டினேன். மெல்ல இறங்கும் சரிவு, பாறையில் தேய்ந்த பழைய படிகள். கனத்த கருவிகள் அந்த வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். சுமை தூக்கிய கிழக்கூர்க்காரர்களிடம் கேட்ட பெயரையே எழுதியிருப்பார்கள்.

“ரெண்டும் ஒரே மலைதான்னு கிழக்கூர்க்காரங்க கையெழுத்து போட்டாத்தான் அர்ஜி நிக்கும்” என்றாள்.

“போடுவாங்களா?”

“போன மாசந்தான் எம் புருஷன் அவங்க மோட்டர் ஒயர அறுத்தாரு.”

2.10. வந்த வழியே இறங்கினோம். நான் குடியிருக்கும் காக்ஸ் டவுனும் யாரோ ஒரு துரையின் பெயர்தான். அங்கே இருந்தவர்களை யார் கேட்டார்கள்? எனக்கு அது ஒரு முகவரி, அவ்வளவே. இவளுக்குச் சுவர்.

காத்திருந்த ஆட்டோவில் இருவரும் ஏறினோம். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று பஸ் நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டு, ஓட்டுநரிடம் கிழக்கூருக்குத் திருப்பச் சொன்னாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள்.

“மேப்ப குடுத்துட்டுப் போங்கண்ணா. அவங்க பேருதான் எழுதியிருக்குன்னு மொதல்ல காட்டறேன். திட்டறதுன்னா அப்பறம் திட்டட்டும்.”