செட்டிபாளையத்துச் சிவப்புக் குண்டூசி

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்து முகாம்களில் ஆய்வுக்காரர் நெருக்கியடித்தார்கள். காலையில் ஒரு குழு கூடாரத்துக்குள் நுழைந்து, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்கும். பின்னேரம் வேறொரு குழு வந்து அதே ஆளிடம் அதையே கேட்கும். யார் எங்கே எதை ஆராய்கிறார்கள் என்று ஒரு படத்தில் காட்டுவதற்காகத்தான் மட்டக்களப்பில் எங்கள் கந்தோரைத் திறந்தார்கள். வருகிற அறிக்கைகளை வாசித்து வகை பிரிப்பது என் வேலை. சுவரில் தொங்கிய மாவட்டப் படத்தில் குண்டூசி குத்துவது யோகராசா அண்ணனின் வேலை. மனநல ஆய்வென்றால் சிவப்பு, குடிநீர் நீலம், தொழில் பச்சை.

அவர் செட்டிபாளையத்தில் கரைவலை இழுத்தவர். சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. ஊர்களெல்லாம் தெரிந்தவர் என்று பியோனாக எடுத்தார்கள்.

"டொக்டர்மார் ஆளுக்கு ஊசி போடுறாங்க, நான் ஊருக்குப் போடுறன். நோவு ஒருத்தருக்கும் மாறினதாத் தெரியல்ல" என்பார்.

கடற்கரை நெடுகச் சிவப்பு மொய்த்துக் கிடந்தது. வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், படம் வெறுமையாக இருந்தது. அங்கே சண்டை நடந்து சனம் இடம்பெயர்ந்த காலத்திலும் ஓர் ஊசி ஏறவில்லை.

செட்டிபாளையத்துச் சிவப்பு ஊசிகளில் ஒன்று அண்ணனின் சொந்த வீடு. அவர் மனைவி புஸ்பம் அக்கா அன்று காலையில் கிணற்றடியில் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நாலு வயதுப் பிள்ளை. சவுக்கார நுரை பூசிய உடம்பு. கடல் வந்தபோது அவனை இறுக்கிப் பிடித்தார். பிள்ளை வழுக்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வார். சவுக்காரத்தை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. குளிக்காமல் கோயிலுக்குள் போகக்கூடாது என்று கண்ணகை அம்மன் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் காத்தான்குடியிலிருந்து றபீக்கா போய்வந்தார். ஒரு மனநல ஆய்வின் கீழ் வேலைக்கு எடுக்கப்பட்ட உளவளத் துணையாளர். கிழமைக்கொரு நாள், சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளிலெல்லாம் இறங்கி ஏறிப் போவார். முதலில் கேள்வி கேட்பதை நிறுத்தினார். பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு வேறு கதை பேசினார். பல மாதங்கள் அந்தக் கிண்ணம் சும்மா இருந்தது. ஒருநாள் புஸ்பம் அக்கா விரலைத் தோய்த்தார். அடுத்த வருடம் காலில் ஊற்றினார். பிறகு கிணற்றுக் கட்டுவரை போய் நின்றார்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் யுத்தம் முடிந்ததென்று நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். அண்ணன் குண்டூசிப் பெட்டியோடு பணிப்பாளர் திவாகரன் முன்னால் போய் நின்றார்.

"சேர், இதுக்கு என்ன நிறம்?"

"எதுக்கு?"

"இப்ப முடிஞ்சதுக்கு. செத்த சனத்துக்கு."

"அதுக்கு ஊசி வாங்கல்ல யோகராசா. போய் வேலையப் பாருங்க."

அந்த வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாள், குளிர்த்தி அன்று, புஸ்பம் அக்கா கோயில் வேலிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே அம்மனைக் குளிர வைத்த மஞ்சள் நீரை வேப்பிலையால் சனத்தின் மேல் தெளித்தார்கள். கூட வந்து பக்கத்தில் நின்ற றபீக்காவிடம் சொன்னாராம்:

"வாற வருசம் தலைக்கு வாத்துப்போட்டு உள்ளுக்குப் போவன் புள்ள. நீ வந்து வாளியப் புடி."

"வாறன் அக்கா. நீங்க குளிச்சாப் போதும், நான் வேலிக்கு வெளியிலயே நிக்கிறன்."

இதை அண்ணன் எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். "அடுத்த வைகாசிக்கு எனக்கு லீவு வேணும், இப்பவே சொல்லிப்போட்டன்" என்று திவாகரனிடமும் சொல்லிவைத்தார்.

பிறகு பன்றிக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய தொற்று. எங்கள் பக்கம் அது வருவதற்கு முந்தியே அதைப் பற்றிய ஆய்வுகள் வந்தன. முகமூடி, கை கழுவுதல், காய்ச்சல் பற்றிய பயம், பள்ளிக்கூடம், சந்தை. சுனாமியை ஆராய்ந்த அதே ஆட்கள் தலைப்பை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் நிற ஊசி பெட்டி பெட்டியாக இறங்கியது. நிதி தருகிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள், தொற்றுக் காலத்தில் ஆய்வின் போக்கு எப்படி நகர்கிறது என்பது படத்தைப் பார்த்த உடனே விளங்க வேண்டும் என்றார் திவாகரன்.

"போக்கெண்டா என்ன சேர்? காசு போற பக்கமா?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். திவாகரனும் சிரித்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து முடிந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அண்ணன் சிவப்பு ஊசிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"செட்டிபாளையம். அதையும் கழட்டுங்க."

"அது முடியல்லையே சேர். றபீக்கா போன கிழமையும் வந்தவ."

"இந்த மாசத்தோட நிக்குது. அவங்க நிதியக் காய்ச்சலுக்கு மாத்திட்டாங்க. அந்தப் பிள்ளையும் அதுக்குத்தான் போகுது, ஏறாவூருக்கு."

"இன்னும் ஒரு வைகாசி சேர். அவ குளிச்சிருவா."

"நான் கொழும்புக்குச் சொல்லிப் பாக்கிறன். இப்ப கழட்டுங்க."

சுனாமி அலை வீட்டைக் கொண்டுபோனதை நேரே பார்த்த மனிதர், தன் வீட்டுக்கு நடந்ததை இந்த முறை சுவரைப் பார்த்துத்தான் அறிந்தார். ஊசியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. திவாகரன் கேட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.

றபீக்கா ஓய்வு நாட்களில் தன்பாட்டில் இரண்டொரு தடவை போனார். பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. ஏறாவூரில் வீடு வீடாகப் போகிற வேலை, ஞாயிறும் கிடையாது.

அடுத்த மாதம் செட்டிபாளையத்துக்கு நிதுர்ஷன் என்ற பொடியன் வந்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், நல்ல பிள்ளை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை கழுவுகிறீர்கள் என்று புஸ்பம் அக்காவிடம் கேட்டான். அவர் பேசாமல் இருந்தார். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, "கையத் தாங்க அம்மா, நான் காட்டித் தாறன்" என்று அவர் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிச் சவுக்காரம் தேய்த்துவிட்டான். அவனுக்குக் கற்றுக்கொடுத்த முறை அதுதான்.

புஸ்பம் அக்காவின் சத்தம் தெருமுனைவரை கேட்டதாம். அதற்குப் பிறகு அவர் கிணற்றுப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குள் யாராவது கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலும் எழுந்து போய்விடுவார்.

அந்த ஆய்வுக்கு மஞ்சள் ஊசி குத்த வேண்டிய நாளும் வந்தது. அண்ணன் புதிதாக ஓர் இடம் தேடவில்லை. சிவப்பைக் கழற்றிய அதே ஓட்டையில் குத்திவிட்டு, "நல்லா இறுகுது" என்றார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பார்வையிட வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வைகாசியில் அவர் லீவு கேட்கவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சு நோவு இருந்தது எங்களுக்குத் தெரியாது. போன கிழமை கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். அடக்கம் முடிந்து எங்களோடு வீட்டுக்கு வந்தவர்கள் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். புஸ்பம் அக்கா அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் இருந்தார்.

"புருசனக் குடுத்துப்போட்டுக் குளிக்காம இருக்கிறதா? என்ன பொம்புளகா இவ!" என்று ஒரு கிழவி கேட்டாள். இரண்டு பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கே வந்தார்கள்.

நான் வாசலை மறித்துக்கொண்டு றபீக்காவுக்குப் போன் எடுத்தேன். ஏறாவூர் ஆய்வும் முடிந்து, இப்போது அவர் ஒரு கடையில் வேலை செய்கிறார். நடந்ததைக் கேட்டார். பிறகு, "வாளிய எடுக்கச் சொல்லுங்க. கிண்ணத்தில கொஞ்சமா ஊத்தி நடுவில வைங்க. ஒண்டும் கேக்காதீங்க" என்றார்.

அப்படியே செய்தேன். புஸ்பம் அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு அதைக் காலால் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.