விலை எழுதாத உறுதி

மானிப்பாயில், காணிப் பத்திரங்கள் எழுதிக்கொடுக்கும் நொத்தாரிசு ஐயாவின் கந்தோரில்தான் எனக்குத் தட்டச்சு வேலை; அங்கே, என் மேசையின் கடைசி லாச்சிக்குள் பழைய காணி உறுதி ஒன்றின் வரைவு கிடக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. போட்டவர் ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர்; எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பென்சிலோடுதான் வாசிப்பார். நான் அவரிடம் படித்தவள் இல்லை. ஆனாலும் அவர் அந்த வரைவை வாசித்து முடிக்கும்வரை பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்த பிள்ளைபோல நின்றேன்.

பண்டத்தரிப்பில் இருந்த தன் வீட்டை விற்கத்தான் அவர் வந்திருந்தார். தகப்பன் சீதனமாக எழுதிவைத்த வீடு. கலியாணம் நடக்கவில்லை, வீடு மட்டும் நின்றது. கனடாவில் இருந்த ஒரே தம்பி வேலை இழந்து, அங்கே வாங்கிய வீட்டுக்குக் கடன் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். வீட்டை விற்றுப் பாதியைத் தம்பிக்கு அனுப்புவது என்று ரீச்சரே முடிவெடுத்திருந்தார். வாங்க வந்தவர் இணுவில்காரர். விலை பேசி முடித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஆனால் நான் அடித்துக் கொடுத்த வரைவில் விற்பனை என்ற சொல்லும் இல்லை, விலையும் இல்லை. இணுவில்காரர்மீது தனக்குள்ள அன்பையும் பட்சத்தையும் முன்னிட்டு ரீச்சர் இந்த வீட்டை நன்கொடையாகக் கொடுக்கிறார் என்று இருந்தது. அந்த வரியின் கீழேதான் கோடு விழுந்தது.

"பிள்ளை, உவரை நான் போன கிழமைதானே முதன்முதல் கண்டனான். இதிலை என்ன அன்பு, என்ன பட்சம்?" என்று ரீச்சர் கேட்டார்.

ஐயா சிரித்தார். "அது எழுதுற வழக்கம், ரீச்சர். விற்பனை எண்டு எழுதினால் அரசாங்கத்துக்குக் கட்டுற முத்திரைக் காசு கூட. நன்கொடை எண்டால் பாதியளவிலை முடிஞ்சிடும். கனபேர் இப்பிடித்தான் எழுதுறவை." விற்பனை என்றுதான் எழுத வேண்டுமென்றால் தான் வேறு வீடு பார்ப்பதாக இணுவில்காரரும் மெல்லச் சொல்லிவைத்தார்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஒரு மூலையிலையாவது விலையைப் போடேலாதே?"

"ஏலாது, ரீச்சர். நன்கொடைக்கு விலை வராது" என்றேன். அப்படிச் சொன்னதில், தொழில் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ரீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். "தம்பிக்கு அவசரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று பின்னேரமே உறுதியில் கையெழுத்து வைத்தார். அன்பினால்தான் வைத்தார். அந்த அன்புக்கு உரியவரின் பெயர் உறுதியில் எங்கும் இல்லை.

சொன்னபடி பாதிக் காசு கனடாவுக்குப் போனது. அங்கே யாரோ, பண்டத்தரிப்புப் பக்கத்து வீடுகள் அதைவிட எவ்வளவோ கூடப் போகின்றன என்று தம்பியின் காதில் ஓதிவிட்டார்கள். ஊர்க் காணியின் விலை ஊரில் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தம்பி இங்கே ஒருவரைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியை எடுப்பித்துப் பார்த்தார். உண்மை விலை அரசாங்கப் பதிவில் இருக்கும் என்று நம்பித்தான் எடுப்பித்தார். முத்திரைக்காகப் போட்ட ஏதோ ஒரு மதிப்பும் அன்பும் பட்சமும்தான் அதில் இருந்தன. உண்மை விலையைத் தன்னிடமிருந்து மறைக்கத்தான் அக்கா இப்படி எழுதுவித்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார். தொலைபேசியில் கத்தினாராம். அதற்குப் பிறகு அவர் அக்காவோடு பேசவேயில்லை.

ரீச்சர் மறுபடி கந்தோருக்கு வந்து, உண்மையான விலையை ஒரு கடிதத்தில் எழுதித் தரும்படி ஐயாவைக் கேட்டார். ஐயா மறுத்துவிட்டார். எழுதினால், பொய்யான உறுதி முடித்ததை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளியே போகப் புறப்பட்ட ரீச்சர் என் மேசையடியில் நின்றார்.

"பிள்ளை, விலை பேசேக்கை நீயும் இருந்தனிதானே. தம்பியோடை ஒருக்கால் கதைப்பியே?"

"ஐயாவைக் கேட்டிட்டுச் சொல்லுறன், ரீச்சர்."

நான் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதன்பிறகு இரண்டு தடவை அவர் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பதைக் கண்டேன். இரண்டு தடவையும் சைக்கிளை மற்ற ஒழுங்கைக்குள் திருப்பினேன். அடுத்த வருடம், வாடகைக்கு இருந்த அறையில் அவர் இறந்துபோனார். செத்தவீட்டுக்குத் தம்பி வரவில்லை. நான் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு, ஞானப்பாட்டு முடியமுன்னரே வந்துவிட்டேன்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் தம்பி வந்தார். ஐயா வழக்கொன்றுக்காகக் கோட்டுக்குப் போயிருந்தார். தலை முழுதும் நரைத்த மனிதர். கையில் அந்தப் பிரதி, மடிப்புகளில் கிழிந்துபோய் இருந்தது. "அக்காவின்ரை வீடு என்ன விலைக்குப் போனது எண்டு இஞ்சை ஆருக்கும் தெரியுமே?" என்று கேட்டார். இந்தமுறை நான் யாரையும் கேட்கப் போகவில்லை. சொன்னேன்.

அவர் கதிரையை இழுத்து அதில் இருந்தார். "அக்காவும் அதைத்தான் சொன்னவ" என்றார்.

இவ்வளவு காலமும் ஏன் வாய் திறக்கவில்லை என்று என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஏசினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அவவை எங்கை அடக்கம் செய்தவை?" என்று மட்டும் கேட்டார். சேமக்காலைக்குப் போகும் வழியைச் சொன்னேன்.

அவர் போனபிறகு லாச்சியைத் திறந்து அந்தக் கேள்விக்குறியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விலை பேசியாகிவிட்ட வேறொரு வீட்டின் உறுதி, பின்னேரம் முடிக்க வேண்டியது, கம்பியூட்டரில் திறந்தபடி கிடந்தது. அன்பும் பட்சமும் வரும் அந்த வரியை நான் இப்போது அடிப்பதுகூட இல்லை. அது முந்தியே பதிந்துவைத்தது, பெயர்களை மாற்றினால் போதும். லாச்சியைச் சாத்திவிட்டு, பெயர்களை மாற்றினேன்.