பார்க்காமல் இட்ட நான்கு குறிகள்

2016ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் நாள், புதன்கிழமை. ஒன்பது டிகிரி, விடியுமுன் விழுந்த தூறல் நின்றுவிட்டது, தெற்கிலிருந்து இளங்காற்று.

மெர்தா ஹெடெலின் தம் குறிப்பேட்டில் இவ்வளவையும் எழுதி முடித்த பிறகே முதுகுப்பையைத் தோளில் ஏற்றினார். பத்தொன்பது ஆண்டுகளாக மே மாதந்தோறும் அவர் தனியாகச் செய்துவரும் வேலை இது. ஊர் நடைச் சங்கம் பராமரிக்கும் இருபத்துமூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதையை முழுவதும் நடக்க வேண்டும். நடுவே ஏரிக்கரைக் குடிலில் ஓர் இரவு தங்க வேண்டும். வழி குழம்பக்கூடிய திருப்பங்களில் மரத்தைச் சுற்றிப் பூசிய ஆரஞ்சு வளையங்கள் அறுபத்திரண்டும் உள்ளனவா என்று பார்த்து, ஏட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே குறியிட வேண்டும். மங்கியவற்றைப் புதுப்பிக்கப் பையின் பக்கவாட்டில் ஒரு பெயின்ட் டப்பா தொங்கும்.

முப்பத்தோர் ஆண்டுகள் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் மெர்தா. பனி கொட்டினாலும் அவருடைய வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் அவருடைய வலது முழங்கால் மூட்டை மருத்துவர்கள் மாற்றிவிட்டார்கள். மார்ச் மாதக் கூட்டத்தில் சங்கத் தலைவர் ஓஸ்தென் அந்த முழங்காலைத்தான் பிடித்துக்கொண்டார்.

"மெர்தா, இந்த வருஷத்துலேர்ந்து ரெண்டு பேரா அனுப்பலாம்னு இருக்கேன்."

"ரெண்டு பேர் போனா வாய் ஓயாம பேசிக்கிட்டே போவாங்க. அப்புறம் மரத்தை எவன் பாப்பான்?"

கூட்டம் சிரித்தது, ஓஸ்தென் சிரிக்கவில்லை. "சரி, போயிட்டு வா. ஆனா ஒரு வளையம் விட்டுப்போனாலும் சரி, உன்னைத் தேடி ஆள் அனுப்ப வேண்டி வந்தாலும் சரி, டப்பாவையும் நோட்டையும் குடுத்துடணும்."

"தாராளமா," என்றார் மெர்தா. அவருக்குத் துளியும் ஐயமில்லை.

நடையும் அதற்கேற்பவே அமைந்தது. பதினான்கு கிலோமீட்டரில் முழங்கால் ஒரு முறைகூட முனகவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் முன்பக்கம் திறந்த அந்த மரக்குடிலை அடைந்து, முன்பு தங்கியவர் விட்டுச் சென்ற காய்ந்த சுள்ளிகளால் நெருப்பு மூட்டி, பட்டாணி சூப்பைச் சூடாக்கினார். அப்போது, தொடைவரை கருஞ்சேறு அப்பிய ஒருவர் வந்து எதிரே நின்றார். பெயர் விதார், வரி அலுவலகத்தில் வேலை.

"இந்தப் பாதைக்குக் குறி போட்ட ஆள் கையில கெடைச்சா நாலு கேள்வி கேக்கணும்!"

"உக்காந்து கேளுங்க. அது நான்தான்."

விதாரின் முகம் சிவந்தது. "மன்னிக்கணும்மா..."

"மன்னிப்பு அப்புறம். எந்த எடத்துல வழி மாறினீங்க?"

"அந்த நீரூத்தைத் தாண்டினதும் பாதை ரெண்டா பிரியுதே, அங்க. ஒரு வளையத்தையும் காணோம். அகலமா இருந்த பக்கம் நடந்தேன். சதுப்பு என்னை அப்படியே உள்ள வாங்கிக்கிச்சு."

"அங்க நாலு வளையம் இருக்கே! முப்பத்தொண்ணுலேர்ந்து முப்பத்துநாலு வரைக்கும். கண்ணை வீட்டுலயே வச்சிட்டு வந்தீங்களா?"

"மரமே இல்லையேம்மா, வளையம் எங்கேர்ந்து வரும்? வெட்டின அடிக்கட்டைதான் நிக்குது. அதுல ஒண்ணுமேல உக்காந்துதான் சாக்ஸைப் பிழிஞ்சேன்."

மெர்தா ஏட்டைத் திறந்தார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. நான்குக்கும் எதிரே அழகான குறிகள். எப்போது இட்டார் என்பது நினைவுக்கு வந்தது. ஊற்றருகே காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் வலிக்காத பெருமையில், வரப்போகும் நான்குக்கும் சேர்த்து அங்கேயே இட்டுவிட்டார். பிறகு கால்கள் தாமாகவே வலப்பக்கம் திரும்பின. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். அவற்றுக்கு வளையம் எதற்கு?

"நீங்க கேக்க வந்த நாலு கேள்வியையும் கேட்டுடுங்க," என்று சொல்லி, சூப்புக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினார். விதார் கேட்கவில்லை, குடித்தார். காற்சட்டை ஓரளவு காய்ந்ததும், ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த தம் காரை நோக்கி நடந்தார்.

மெர்தா தனித்திருந்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினால் எவருக்கும் தெரியப்போவதில்லை. நான்கு குறிகளையும் அடித்தார், தாளைக் கிழிக்கவில்லை. கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது அவர் வழக்கமன்று, படுத்தவுடன் உறங்கிவிட்டார்.

மறுநாள் நண்பகலில் பாதையின் மறுமுனையில் ஓஸ்தென் காருடன் காத்திருப்பதாக ஏற்பாடு. தாமதமாகும் என்று அவருக்குச் சொல்லக் குடிலில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆயினும் மெர்தா வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தார். எதிர்த்திசையில் நடந்தபோது காடே புதிதாக இருந்தது. எந்த மரமும் பழகிய மரமாகத் தெரியவில்லை. ஆகையால் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க நேர்ந்தது. பாசி மூடிய முப்பத்தாறாம் வளையம் அப்படித்தான் கண்ணில் பட்டது. முந்தைய நாள் அதற்கும் குறியிட்டிருந்தார். அதைச் சுரண்டிப் புதுப்பித்தார். ஊற்றருகே வெட்டுண்டவற்றுக்குப் பதிலாக நான்கு பைன் மரங்களைத் தேர்ந்து, பட்டையைச் சீவி, ஈரம் உலரும்வரை காத்திருந்து, கையகல வளையங்களாகப் பூசினார். அவசரப்படவில்லை. ஈரப்பட்டையில் பூசினால் அடுத்த மழையில் உரிந்துவிடும்.

மறுமுனையை அடைந்தபோது மணி மூன்றரை. ஓஸ்தென் கையில் தொலைபேசியுடன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா தேட ஆளைக் கூப்பிட்டிருப்பேன்! முப்பத்தொரு வருஷத்துல மூணரை நிமிஷம்கூட லேட்டாகாத டிரைவரம்மாவா இது?"

"இன்னைக்கு மூணரை மணி நேரம். எழுதி வச்சுக்கோ, தலைவரே."

"முட்டிதானே?"

"என் முட்டி உன் முட்டியைவிட நல்லா இருக்கு." ஏட்டை அவர் கையில் கொடுத்தார்.

ஓஸ்தென் புரட்டினார், விரல் ஒரு பக்கத்தில் நின்றது. "இது என்ன, அடிச்சு அடிச்சு எழுதியிருக்கே?"

"பாக்காமலே குறி போட்டேன். மரத்தை வெட்டியிருக்காங்க, நான் கவனிக்கல. ஒரு ஆள் சதுப்புல இறங்கிட்டார். திரும்பிப் போயி நாலையும் புதுசா பூசினேன். முப்பத்தாறும் பாசி மூடிக் கெடந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன். இப்ப அறுபத்திரெண்டும் இருக்கு."

ஓஸ்தென் ஏட்டை மூடி, பெயின்ட் டப்பாவை ஒரு முறை பார்த்தார்.

"மார்ச்சுல பேசினது ஞாபகம் இருக்கில்ல? அடுத்த வருஷம் இதைத் தூக்கிக்கிட்டு யாரு போறது?"

"நான்தான். கால் பழக்கத்துல தானா திரும்பாம இருக்க, இந்த முனையிலேர்ந்து."